மருதாசலம் திருப்பி அனுப்பிய நான்கு வண்டிகள்

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்கார் கண்ணு, எனக்கு இப்போதெல்லாம் குரல் எட்டுவதில்லை. கார் வாங்கப் போன ஒருவரின் கதை சொல்கிறேன். சிரிக்கிற இடம் முன்பாதியில்தான் இருக்கிறது. அங்கேயே சிரித்துக்கொள்.

முதலிபாளையத்தில் எங்கள் லைன் வீடுகளில் மூன்றாவது வீடு மருதாசலத்தினுடையது. பனியன் கம்பெனியில் முப்பது வருடமாகச் செக்கிங் வேலை. தைத்து வருகிறதை டியூப்லைட்டுக்கு அடியில் விரித்துப் பார்ப்பார். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு முறை, ஒரு கறையைப் பார்த்தும் சின்னதுதானே என்று விட்டிருக்கிறார். கப்பல் ஏறிப் போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது. அப்போது அவர் இருந்த அந்தக் கம்பெனி பிறகு எழுந்திருக்கவே இல்லை, வேறு கம்பெனிக்கு மாற வேண்டியதாயிற்று. அன்று முதல் மனுஷன் வாயில் 'சின்னது' என்ற சொல் வந்ததில்லை.

அவர் மனைவி தெய்வாத்தாளுக்குப் போன வருடம் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. பிள்ளைகள் இல்லை, இவருக்கு அவள், அவளுக்கு இவர். செவ்வாயும் வெள்ளியும் திருப்பூர் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். போகும்போது நடந்து போகிறவள், திரும்பும்போது பிழிந்து போட்ட துணியாக வருவாள். பைக்கில் உட்கார்ந்தால் தலை சுற்றும், ஒரு முறை சரிந்தே விழுந்துவிட்டாள். பஸ்ஸில் ஷிப்டு விட்ட கூட்டம். கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபடி வருவாள். பக்கத்து வீட்டு ஜாவித் சொந்தக் கார் வைத்து ஓட்டுகிறவன்தான். ஆனால் ஒரு கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குவதிலேயே அவன் பொழுது போய்விடும். மாதத்தில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் தானே வந்து கூட்டிப் போவான்.

அதனால்தான் மருதாசலம் கார் வாங்கத் துணிந்தார். ஓட்டுவதற்கு ஜாவித் சொல்லிக் கொடுத்திருந்தான். இருந்த சேமிப்புக்கு ஒரே ஒரு மாடல் புது வண்டிதான் வரும், இருப்பதிலேயே விலை குறைந்தது. ஜாவித்தின் வண்டியும் அதேதான்.

"எப்படித் தம்பி, வாங்கலாமா?"

"மேடு ஏறுறப்ப மூச்சு வாங்குங்கண்ணா. சித்திரையில ஏசி சும்மா ஊதும். கதவு லொடலொடங்கும். ஆனா நாலு வருசத்துல ஒரு நா நடுரோட்டுல என்னைய உட்டுட்டு நின்னதில்லீங்க."

"கதவு லொடலொடங்குதா?" என்றார் மருதாசலம். அவர் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

காங்கேயம் ரோட்டில் ஷோரூம். விற்கிற பையன் பெயர் சுரேந்தர். மருதாசலம் வேலை முடிந்து கழுத்தில் இஞ்ச் டேப்போடு அப்படியே போய் நின்றார். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சந்து இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தார். கூரைத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"கனம் பத்தாதுங்களே. இந்தக் கனத்துல துணி வந்தா நான் உள்ளயே உடமாட்டேன்."

"அண்ணா, இது காருங்க. பனியன் இல்லீங்க."

"பனியனுக்கே பாப்பனுங்க. இது என்ற சம்சாரத்த ஏத்தறதுக்கு."

வலது பக்கச் சந்து இடது பக்கத்தை விட ஒரு நூல் அகலம் கூடுதல். பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து ஒட்டியும்விட்டார். சுரேந்தர் பதறிப் போனான்.

"ஐயோ அண்ணா, மேனேஜர் பாத்தா என்னைய ரிஜெக்ட் பண்ணிருவாருங்க!"

"இது சாம்பிள் பீஸுதானுங்க? சாம்பிள எல்லாருமே கெட்டிக்கார டெய்லர் கையிலதான் தைப்பாங்க. அதுலயே இப்படின்னா, எனக்கு வர்றது எப்படி இருக்கும்? யார்டுல நிக்கற வண்டியக் காட்டுங்க."

இரண்டாவது வண்டி வர இரண்டு வாரம் ஆனது. அன்று வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து தெய்வாத்தாளையும் நேரே கூட்டிப் போனார். அவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி மேலே வைத்தாள். சுரேந்தர் ஏசியைப் போட்டுவிட்டான். ஐந்து நிமிஷத்தில் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டாள். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவள் அப்படித் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

எழுப்பியதும், "இது போதுங்க மாமா" என்றாள்.

"இரு புள்ள. டேஷ்போர்டுல ஒரு சத்தம் வருது."

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள்: "ஏனுங்க, கல்யாணம் ஆன நாளா நீங்க ரிஜெக்ட் பண்ணுன பனியனத்தான நாம ரெண்டு பேரும் போட்டுட்டு இருக்கறோம். அதுல உடம்பு மறையலீங்களா?"

பஸ் வந்துவிட்டது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வண்டியில் பின் கண்ணாடி ஒரு பக்கம் கோணலாக ஏறியது. அடுத்த லோடு வரட்டும் என்றார். கெட்ட எண்ணம் இல்லை கண்ணு. இவளுக்கென்று வாங்குவதில் ஒரு குறை இருந்து, அந்தக் குறையால் இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற பயம். திரும்பி வந்த அந்தச் சரக்கு அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

நான்காவது வண்டி வந்த வெள்ளிக்கிழமை மழை. தெய்வாத்தாள் கட்டிலை விட்டு எழவில்லை.

"இன்னிக்கு ஆஸ்பத்திரி வேண்டாங்க. பஸ்ஸுல நிக்கறதுக்குக் காலு இல்ல. செவ்வாக்கெழம சேத்திப் போயிக்கலாம். நீங்க போயி வண்டியப் பாத்துட்டு வாங்க. இந்த வாட்டி எடுத்துட்டே வந்துருங்க."

அவரும் சரி என்று போனார். கதவுச் சந்து சரி. சத்தம் இல்லை. கண்ணாடி நேராக ஏறியது. சுரேந்தர் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். கடைசியாகப் பெட்ரோல் மூடியைத் திறந்தார். பெயின்ட்டுக்கு அடியில் மணல் சிக்கிக் கடுகளவு ஒரு புடைப்பு. வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு ஸ்டிக்கரை எடுத்தார்.

"அண்ணா, அது சின்னதுங்க" என்றான் சுரேந்தர். அந்தச் சொல்லை அவன் சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தெய்வாத்தாளுக்கு மூச்சு முட்டியது. வெள்ளிக்கிழமை வடிக்காமல் விட்ட நீர் நெஞ்சில் கோத்துவிட்டது. ஆம்புலன்ஸ் சீக்கிரமாகத்தான் வந்தது. ஏறும்போது அவள் வாசலைப் பார்த்தாளாம், வண்டி ஏதும் நிற்கிறதா என்று. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் உயிர் இருந்தது.

சாம்பல் கரைக்கக் கொடுமுடிக்குப் போனபோது ஜாவித் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வண்டி எடுத்தான். மருதாசலம் முன்னால் உட்கார மாட்டேன் என்று, பானையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். கதவு வழியெல்லாம் லொடலொடவென்றது. ஏசி சும்மா ஊதியது. ஜாவித்துக்கு ஒரே சங்கடம்.

"சத்தம் தாங்க முடியலீங்களாண்ணா? ஜன்னலத் தொறந்து உடட்டுமா?"

"வேண்டாம் தம்பி." செருப்பைக் கழற்றிக் காலை மடக்கி வைத்துக்கொண்டார். காவிரிப் பாலம் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பின் சீட்டு நல்லா இருக்குது ஜாவித்து. அவ சொன்னா. நாந்தான் உக்காந்தே பாக்கல."

அவ்வளவுதான் கண்ணு. உன் வீட்டு வாசலில் எந்த வண்டி நின்றாலும், கதவு ஆடினாலும், ஏற வேண்டியவர்கள் ஏற வேண்டிய நாளில் ஏறட்டும். போனவர்கள் எல்லாரும் சாயங்காலம் நல்லபடியாகத் திரும்பி வந்து, உன் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சோறு உண்ணட்டும்.