எட்டு டிக்கெட்டும் ஒரு முட்டைக்கோசுத் தோட்டமும்

ஹேசல்புரூக் எஸ்டேட்டை முன்னேற்றுவதற்காக ஜெர்மனியிலிருந்து எட்டுப் பேர் கூடலூர் வந்து இறங்கினார்கள். தாங்கள் முன்னேறப்போகும் செய்தி எஸ்டேட் ஜனங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ரஷ்யாக்காரன் நீலகிரித் தேயிலை வாங்குவதையே மறந்துபோயிருந்த காலம் அது. ஒரு கிலோ கொழுந்து விற்ற காசில் இரண்டு டீ குடித்தால் கையில் மிச்சம் நிற்காது. நடுவட்டத்திலிருந்து பிரிந்து உள்ளே போகும் அந்த எஸ்டேட்டில் ஃபேக்டரி மூடிக்கிடந்தது. துரை குன்னூரில் இருந்தார். அவருடைய கையெழுத்து மட்டும் எப்போதாவது மேலே வந்து போகும். வாரத்துக்கு இரண்டு நாள் வேலை. மற்ற நாட்களில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்கள் தங்கள் முன்னேற்றத்தைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம்.

வீரம்மாவுக்கு யோசிக்க அதிகம் இல்லை. சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. மகள் வனிதா கூடலூரில் ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. வனிதாவைக் காலையில் கொண்டுபோய் மாலையில் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு மினி பஸ். அது நின்றால் வேலையும் நின்றுவிடும். மெயின் ரோட்டுக்கு நடக்கலாம்தான். யானையும் காட்டெருமையும் அதே பாதையில்தான் நடக்கின்றன.

பஸ் நின்றுவிடும் போலத்தான் இருந்தது.

"கலெக்‌ஷன் இல்லீங்க்கா" என்றான் கண்டக்டர் ஜெகதீசன். "காலையில மேல வரும்போது வண்டி காலி. சாயங்காலம் கீழ போறப்பவும் காலி. நானும் டிரைவரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துட்டு வர்றோமுங்க. மொதலாளி மசினகுடிப் பக்கம் வண்டிய மாத்திப்போடறேங்கறாரு. அங்க ரிசார்ட்டுக்கு ஆளு வந்துட்டே இருக்குதாமா."

"எங்கள என்ன செய்யச் சொல்ற தம்பி?"

"நீங்களும் ரிசார்ட் ஒண்ணு கட்டுங்க்கா."

அந்த வாரம்தான் ஜெர்மன்காரர்கள் வந்தார்கள்.

அவர்களைக் கூட்டிவந்தவர் தினகரன். உதயகிரி மக்கள் மேம்பாட்டு மையத்தின் நிறுவனர், இயக்குநர், செயலாளர் எல்லாம் அவரே. மலைவாழ் மக்களின் துயரத்தைப் பற்றி எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவார். மலைக்கு வந்தால் அவருக்குச் சளி பிடிக்கும். அதனால் அதிகம் வருவதில்லை.

எட்டுப் பேருக்கும் தலைவர் ஹெர்பர்ட். நீளமான, சிவந்த மனிதர். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர். அந்தத் தமிழைக் கேட்டு லயத்து நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்தின.

"அன்பார்ந்த தாய்மார்களே, உங்கள் தேவைகள் யாவை என்பதை நீங்களே தீர்மானிப்பீர்களாக" என்றார் முதல் கூட்டத்தில்.

கூட்டம் நடந்தது பூட்டிக்கிடந்த பிள்ளைக் காம்பராவில். தாய்மார்கள் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். இப்போது கொழுந்தும் இல்லை, போவதும் இல்லை. தரையில் பெரிய தாள் விரித்து அதில் படங்கள் வரைந்திருந்தார்கள்: கிணறு, கக்கூஸ், மருந்துப் பாட்டில், பஸ், முட்டைக்கோசு. ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை. எது முக்கியமோ அதன்மேல் வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல அருமையான முறை. ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்களாம். புளியங்கொட்டை மட்டும் நம்முடையது.

பெண்கள் வரிசையாக வந்து கொட்டைகளைப் பஸ்மேல் வைத்தார்கள். பஸ் மறைந்து குவியலானது. குவியல் சரிந்து, ஒரே ஒரு கொட்டை உருண்டோடி முட்டைக்கோசின் மேல் போய் நின்றது.

தினகரன் கைதட்டினார். "மக்கள் ஊட்டச்சத்தைக் கேட்கிறார்கள்!"

"பஸ் கேட்டோமுங்க" என்றாள் வீரம்மா.

ஹெர்பர்ட் வருத்தத்தோடு தலையசைத்தார். "பேருந்து எங்கள் திட்ட வரம்புக்கு அப்பாற்பட்டது. எங்களுக்கு வழங்கப்பட்ட நிதி காய்கறித் தோட்டத்துக்கானது."

"அப்ப கொட்டைய எதுக்குக் குடுத்தீங்க தொரை?"

"என்னைத் துரை என்று அழைக்க வேண்டாம். நாம் அனைவரும் சமம்."

"சரிங்க தொரை."

தோட்டத்துக்கு இடம் பார்த்தார்கள். ஓடைக்கரையில் ஒரு சரிவு. புல் நன்றாக வளர்ந்திருந்ததால் மண் வளமானது என்று ஹெர்பர்ட் முடிவு செய்தார். சரிதான். பொழுது சாய்ந்தால் காட்டெருமைக் கூட்டம் தண்ணீர் குடிக்க இறங்கும் வழியும் அதுதான். காட்டெருமைக்கு ஊரில் பெயர் காட்டி. லயத்தில் தவழும் பிள்ளைக்கும் காட்டி வரும் வழி தெரியும்.

பக்கத்து வீட்டுச் சின்னம்மை நல்லவள். "தொரை, அந்த எடத்துல..." என்று ஆரம்பித்துவிட்டாள். வீரம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஏனென்றால் அன்று காலையில்தான் ஜெகதீசன் பல்லெல்லாம் தெரிய பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தான். "எட்டு டிக்கெட்டுங்க்கா! காலையில மேல, சாயங்காலம் கீழ. மம்பட்டிக்கு, கிதாருக்கெல்லாம் லக்கேஜ் வேற போட்டுட்டேன். மொதலாளி மசினகுடிப் பேச்சையே எடுக்கலீங்க!"

ஜெர்மன் தொண்டர்கள் கூடலூர் லாட்ஜில் தங்கியிருந்தார்கள். மக்களோடு மக்களாக வாழ ஆசைதான்; ஆனால் லயத்தில் வெந்நீர்க் குழாய் இல்லை. எனவே காலையில் காலியாக ஏறிவந்த பஸ்ஸில் அவர்கள் ஏறிவந்தார்கள். அதில் வனிதா இறங்கிப்போனாள். மாலையில் வனிதா ஏறிவந்த பஸ்ஸில் அவர்கள் இறங்கிப்போனார்கள். பஸ் விஷயத்தில் தன்னால் எதுவும் செய்ய முடியவில்லையே என்று ஹெர்பர்ட் அதே பஸ்ஸில் உட்கார்ந்து வருந்திக்கொண்டிருந்தார்.

நாற்று நட்டார்கள். கிதார் வாசித்தார்கள். எட்டுப் பேரும் மண்வெட்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரியே காட்டிகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயின.

மறுபடி நட்டார்கள். காட்டிகளும் மறுபடி வந்தன. மூங்கில் வெட்டிவந்து உறுதியான வேலியும், கயிறு போட்டுக் கட்டும் படல் கதவும் போட்டார்கள். வேலி உண்மையிலேயே நன்றாக அமைந்துவிட்டது. நாற்று வேர் பிடித்து, இலை விரித்து, கோசு உருண்டு திரளத் தொடங்கியது. எட்டு முகங்களிலும் அப்படியொரு பூரிப்பு.

வீரம்மா ஒரு கோசை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "இது வெளைஞ்சிருச்சுன்னா கெளம்பிருவாங்கடி" என்றாள் சின்னம்மையிடம். "திட்டம் முடிஞ்சுதுன்னு ஒரு போர்ட நட்டுட்டுப் போயிருவாங்க."

அன்று சாயங்காலம் பஸ் கீழே போன பிறகு, விறகு பொறுக்குவதுபோல ஓடைப்பக்கம் போய்ப் படலின் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தாள்.

"பாவமில்லையாடி?" என்றாள் சின்னம்மை.

"காட்டிக்குப் பசிக்காதா?"

அதன்பிறகு மக்கள் மேம்பாடு தங்குதடையின்றி நடந்தது. அவர்கள் நட்டார்கள், இவள் அவிழ்த்தாள், காட்டிகள் கொழுத்தன. அவை கயிற்றை எப்படி அவிழ்க்கின்றன என்று ஆராய்ந்து ஹெர்பர்ட் ஊருக்குக் கடிதம் எழுதினார். காட்டெருமையின் அறிவுத்திறன் பற்றி அங்கே பேசிக்கொண்டார்களாம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நல்ல செய்தி வந்தது.

"மகிழ்ச்சியான அறிவிப்பு!" என்றார் ஹெர்பர்ட், தோட்டத்தில் எல்லோரையும் கூட்டிவைத்து. "எங்கள் ஊர் மக்கள் நிதி திரட்டி ஒரு ஜீப் வாங்கித் தந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் நாங்கள் ஜீப்பில் வருவோம். உங்களுடைய சிறிய பேருந்தில் இனி நெரிசல் இராது."

பெண்கள் கைதட்டினார்கள், எதற்கென்றாலும் தட்டிப் பழகிவிட்டது. வீரம்மா மட்டும் தட்டவில்லை.

மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய வனிதாவின் முகம் வெளிறியிருந்தது. "தொரை காலையில பஸ்லயே ஜீப்பப் பத்தி சொன்னாராம். கீழ போறப்பவே ஜெகதீசண்ணன் சொல்லிட்டாரும்மா. எட்டு டிக்கெட் போச்சுன்னா பஸ்ஸு மசினகுடிக்குத்தானாம். கடை மொதலாளிகிட்ட சொல்லிப் பாத்தேன். கூடலூர்லயே தங்கறதுன்னா வா, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேங்கறாரு. தங்கினா சம்பளத்துல பாதி வாடகைக்கே போயிரும். என்னம்மா செய்றது?"

"சோறு தின்னுட்டுப் படு. புளியங்கொட்டை எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"தொரை சொல்லிக்குடுத்தத மறக்கக் கூடாதுல்ல."

திங்கட்கிழமை ஜீப் வந்தது. வெள்ளை வெளேரென்று, பானட்டில் சந்தனமும் மாலையுமாக. முன்சீட்டில், சளியையும் பொருட்படுத்தாமல், தினகரன். ஸ்டியரிங்கை அவர் தடவிய விதத்தைப் பார்த்ததும் வீரம்மாவுக்குத் தெம்பு வந்தது.

"தொரை, இந்த வண்டி யாருக்குங்க?"

"சமுதாயத்துக்கு. அதாவது உங்களுக்கு."

"அப்ப நாங்கதான முடிவு செய்யணும்?"

ஹெர்பர்ட்டின் கண்கள் கலங்கின. இத்தனை மாத உழைப்பில் இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். "ஆம், தாயே! நீங்களேதான்!"

பிள்ளைக் காம்பராவில் கூட்டம் கூடியது. வீரம்மா கரித்துண்டால் தரையில் இரண்டு கோடு இழுத்து, ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் ஜீப் வரைந்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. பஸ்ஸுக்கு மட்டும் படிக்கட்டு போட்டாள்.

"வெள்ளக்காரத் தொரைமாருங்க எதுல வரணும்னு கொட்டைய வைங்க."

கொட்டைகள் பஸ்மேல் குவிந்தன. இந்த முறை ஒன்றுகூட உருளாதபடி சின்னம்மை இரண்டு கையாலும் அணைகட்டிக்கொண்டாள்.

தினகரன் எழுந்துவிட்டார். "என்ன விளையாட்டு இது? வண்டி வந்தாச்சு, டீசல் போட்டாச்சு. இந்த ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஹெர்பர்ட்..."

"ஜீப்புக்கும் ஓட்டு இருக்குங்க சார்" என்றாள் வீரம்மா. "நீங்கதான் ஊரூரா அலைஞ்சு எங்களுக்காகக் கஷ்டப்படறீங்க. ஜீப்ப தினகரன் சாரே வெச்சுக்கட்டும். சம்மதம்னா கை தூக்குங்கடி."

எல்லாக் கைகளும் மேலே போயின.

தினகரன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தபோது வேறு குரல் வந்தது. "மக்கள் தீர்ப்பு! மக்கள் முடிவே இறுதி முடிவு என்று நான் எப்போதும் சொல்லிவந்திருக்கிறேன். ஹெர்பர்ட், இதில் நாம் தலையிடக் கூடாது."

ஹெர்பர்ட் குழம்பிப்போய் நின்றார். "ஏற்கிறேன். ஆயினும் ஏன்? நாங்கள் பேருந்தில் வருவதால் உங்களுக்கு என்ன நன்மை?"

வீரம்மா மகளைப் பார்த்தாள். வனிதா கடைக்கு லீவு போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தாள்.

"நீங்க எட்டுப் பேரும் டிக்கெட் எடுக்கறதாலதான் பஸ்ஸு ஓடுது தொரை. பஸ்ஸு ஓடுனாத்தான் எம்மவ வேலைக்குப் போவா. எங்க ஊட்டுல அடுப்பு எரியும். வேற ஒண்ணுமில்ல."

"தோட்டம்?"

"அது காட்டிக்குங்க."

ஹெர்பர்ட் மெதுவாகத் தாழ்வாரத்து விளிம்பில் உட்கார்ந்தார். வேலி, படல், கயிறு, அறிவாளிக் காட்டெருமை எல்லாம் அவருடைய சிவந்த முகத்தில் வரிசையாக வந்து போயின.

"அப்படியானால், இத்தனை மாதங்களாக நாங்கள் இங்கே யார்?"

"பாசஞ்சருங்க தொரை."

யாரும் சிரிக்கவில்லை. வீரம்மா அவரிடம் ஒரு புளியங்கொட்டையை நீட்டினாள். அவர் அதை வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பஸ்மேல் வைத்தார்.

ஜீப் அன்றே கீழே இறங்கியது. தினகரனின் களப்பணி அதன்பிறகு பெரும்பாலும் மசினகுடியில்தான் நடந்தது. யானை பார்க்க வரும் விருந்தினர்களின் துயரத்தை அவர் வண்டியோடு போய்த் துடைத்தார். மலைக்கு வர மட்டும் அவருக்கு இன்னும் சளி பிடிக்கிறது.

மறுநாள் காலை மினி பஸ் வழக்கம்போல் எட்டுப் பேரோடு மேலே வந்தது. ஹெர்பர்ட் எல்லோருக்கும் கேட்டுக் கேட்டு டிக்கெட் வாங்கினாராம். கையிலிருந்த சின்னக் கைக்குட்டைப் பொட்டலத்தைக்கூடக் காட்டி, இதற்கு லக்கேஜ் டிக்கெட் கிடையாதா என்று விசாரித்தாராம். "அதுக்கெல்லாம் ஏனுங்க?" என்று ஜெகதீசன் மறுத்தும் விடவில்லையாம். பகல் முழுக்க எட்டுப் பேரும் நாற்று நட்டார்கள். ஊருக்குத் திரும்பும் தேதி வந்ததும் அடுத்த குழுவை அனுப்பும்படி எழுதப்போவதாக ஹெர்பர்ட் சொன்னார். இந்த மண்ணில் கோசு வருவதற்கு இன்னும் சில வருஷங்களாவது பிடிக்கும் என்பது அவருடைய கணிப்பு.

சாயங்காலம் வனிதா பஸ்ஸிலிருந்து இறங்கினாள், அவர்கள் ஏறினார்கள். பஸ் வளைவில் மறைந்ததும் வீரம்மா விறகு பொறுக்குவதுபோல ஓடைப்பக்கம் போனாள்.

படல் ஏற்கெனவே திறந்திருந்தது. காற்றில் தானாக மூடிக்கொண்டுவிடக் கூடாதென்று, கீழே ஒரு கல்லும் முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருந்தது.