குட்டி வீட்டு ஓடு

காலரின் மேல் வைத்த இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்துவிட்டாள். துணி காந்தும் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் கை நகர்ந்தது. நல்லவேளையாகக் கருகவில்லை. அண்ணனுக்குப் போட்டுவிட வேண்டிய கடைசிச் சட்டை அது.

"நீயே தேச்சுடு குட்டி. காலர் கோணலா இருந்தா உங்கண்ணன் போட மாட்டார்" என்று சொல்லித்தான் அண்ணி அதைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்ததே தவிர அதில் கோபம் இல்லை. நாலு வார்த்தை கோபமாகக் கேட்டிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட முடிந்திருக்கும்.

நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்த பிறகும் அவள் இந்த வீட்டில் குட்டிதான். அண்ணன் வைத்த பெயர். அவரை ஊரில் எல்லோரும் கூரைக்காரர் என்றார்கள். ஓடு, தகரம், மரச்சட்டம் என்று வீட்டின் தலைக்கு மேல் போகிற எதுவும் அவர் கடையில் கிடைக்கும். நேற்று மாலை கடையைச் சாத்திவிட்டு, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவேயில்லை.

அவள் இந்த வீட்டுப் படியேறி ஒரு மழைக்காலம் முழுவதும் ஆகியிருந்தது.

அவள் புதுவீடு கட்டிக் குடிபுகுந்த சந்தோஷம் முதல் மழையோடு போயிற்று. அண்ணன் கடையில் எடுத்த கலர் ஓடுகள்தான். முதலில் மேல்பூச்சு வெயிலில் உரிந்த தோல்போலச் செதில் செதிலாக உதிர்ந்தது. பிறகு ஓடுகள் மழைநீரை உறிஞ்ச ஆரம்பித்தன. ஒழுகினால்கூடப் பாத்திரம் வைக்கலாம், இவை ஊறின. ஊறிய கனத்தில் சட்டங்கள் வளைந்தன. ஒருநாள் சாப்பாட்டு மேசைக்கு மேலிருந்த சீலிங் பலகை அப்படியே பெயர்ந்து விழுந்தது. கைகழுவ எழுந்துபோன மகள் மயிரிழையில் தப்பினாள்.

அந்தக் கோலத்திலேயே, வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல், அவள் கடைக்குப் போனாள். கடை நிறைய ஆட்கள் நின்றார்கள். அவர்கள் நின்றதால்தானோ என்னவோ குரல் இன்னும் உயர்ந்தது.

"ஊர்ல விக்காததைத் தள்ளிவிட உனக்கு என் வீடுதான் கிடைச்சுதா? கூடப் பிறந்தவ தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டுட்டியே."

அண்ணன் அளவு நாடாவைச் சுருட்டியபடி, எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன், நாளைக்கே வந்து பார்க்கிறேன் என்றார்.

"நீ ஒண்ணும் வர வேண்டாம். இனிமே என் வீட்டுக் கூரை மேல உன் கால் படக் கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

அதன்பிறகு அவர் கால் படவில்லை. அவள் கணவர் தார்ப்பாய் வாங்கி வந்து கூரைமேல் கட்டினார். காற்றடிக்கும்போதெல்லாம் அது படபடவென்று அடித்துக்கொண்டது. பத்து நாளைக்கு முன் சந்தையில் அண்ணனைப் பார்த்தாள். இளைத்திருந்தார். கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்துக் கையைப் பாதி தூக்கினார். அவள் குனிந்து தக்காளி பொறுக்க ஆரம்பித்தாள். வேண்டிய அளவுக்கு மேல் பொறுக்கினாள்.

சட்டையை மடிக்காமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்தாள். கூடத்தில் உறவுக்காரர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே நிற்க முடியாமல் பின்பக்கம் போய், சரக்கு அடுக்கிவைக்கும் கொட்டகையின் நிழலில் ஒதுங்கினாள்.

கொல்லைப்புறத் தெருக்கதவு தடாலென்று திறந்தது. ரொட்டிக்கடைக்காரர் உள்ளே வந்தார். முழங்கை வரைக்கும் மாவு. கையில் ரொட்டிப் பையில் சுற்றிய ஏதோ ஒன்று.

"கூரைக்காரர் எங்கம்மா? கடையைப் பூட்டிட்டா நாங்க விட்டுருவோமா? மாவு மூட்டையெல்லாம் நனைஞ்சு கட்டியா போச்சு. இதைப் பாருங்க, இது ஓடா, பிஸ்கட்டா?"

பையிலிருந்து எடுத்த ஓட்டுத் துண்டை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடினார். அது பொடியாக உதிர்ந்தது. அவர் பேசிக்கொண்டே போனார். நம்ப வைத்துக் கழுத்தறுத்த கதையையெல்லாம் சொன்னார். வேறொருவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அந்தப் பேச்சு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்.

"அண்ணன் நேத்து சாயங்காலம் இறந்துட்டார்."

ரொட்டிக்கடைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகுதான் வீட்டுக்குள்ளிருந்து வந்த அழுகைச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஓட்டுத் துண்டைப் பையில் திணிக்கப் பார்த்தார். அது உள்ளே போகவில்லை. முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"போன வாரம்கூட அவரை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்மா" என்றார் மெதுவாக. "தலையைக் குனிஞ்சுகிட்டே கேட்டுட்டிருந்தார்."

"விடுங்க. நானும்தான் பேசினேன்."

அந்தத் துண்டைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு, உள்ளே போய் அவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அவர் தோட்டத்துக் குழாயில் கைகளைக் கழுவி, சட்டையிலேயே துடைத்துக்கொண்டு போனார்.

கொட்டகைக்குள்ளிருந்து நெட்டை வெளியே வந்தார். அண்ணனிடம் ஆரம்பத்திலிருந்து வேலை செய்த ஓடு வேய்பவர். அண்ணன் கீழிருந்து ஓடு எடுத்துக் கொடுக்க, இவர் மேலே அடுக்குவார். ஆள் அவள் தோளுக்குத்தான் வருவார். அதனால்தான் அண்ணன் அவருக்கு நெட்டை என்று பெயர் வைத்தார். இரண்டு மாதம் முன்னால் இவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, உங்க முதலாளிக்கு நான் சொன்னது புரியலையா என்று கேட்டு அவள் கேட்டைச் சாத்தியிருந்தாள்.

அவர் அவளை உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். வாசலையொட்டிய மூலையில் சாக்குப் போர்த்திய அடுக்கு ஒன்று இருந்தது. சாக்கை விலக்கினார். சிவப்பு மண் ஓடுகள். ஓடும் ஓடும் உரசாமல் இடையிடையே வைக்கோல் வைத்திருந்தது.

கலர் ஓட்டுக் கம்பெனி கையை விரித்துவிட்டது என்றார் நெட்டை. அண்ணன் அவர்கள் வாசலில் பழியாய்க் கிடந்தும் பாதிப் பேருக்குக்கூட மாற்று ஓடு வாங்க முடியவில்லை. இது வேறு இடத்தில் அவரே பார்த்துப் பார்த்து எடுத்தது.

"ரொட்டிக்கடைக்கு இதை ஏத்திரலாமான்னு நான்கூடக் கேட்டேன். அது குட்டி வீட்டு ஓடு, அதுல கை வைக்காதேன்னுட்டார்."

"அப்ப ஏன் கொண்டு வரல?"

நெட்டை விலக்கிய சாக்கை மடித்து ஓரமாக வைத்தார்.

"நீங்க திருப்பி அனுப்பிட்டீங்கன்னு வந்து சொன்னேன். சரி, அவளே கூப்பிடட்டும்னார். கூப்பிட்டா உடனே ஏத்தணும்னு வாசல் பக்கமாவே அடுக்கச் சொன்னார்."

அவள் ஒரு ஓட்டைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

இந்த மண் ஓட்டைத்தான் அவர் முதலிலேயே சொன்னார். கடையில் அவளும் அவரும் மட்டும் இருந்த ஒரு மத்தியானம் அது. கலர் ஓடு வழவழத்த தாளில் அச்சடித்த படத்தில் கண்ணைப் பறித்தது. அவள்தான் விரலை வைத்து இதுதான் வேண்டும் என்றாள். புதுக் கம்பெனி, ஒரு மழையாவது பார்த்துவிட்டு எடுக்கலாமே என்று இழுத்தார். ஊருக்கெல்லாம் நல்லதாகக் கொடுக்கிறாய், எனக்கு மட்டும் பழையதா என்று சிணுங்கினாள். அவரால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை. அவளுக்காக வரவழைத்த அந்தச் சரக்கைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கேட்டு வாங்கினார்கள்.

அன்றைக்குக் கடை நிறைய ஆட்கள் நிற்க அவள் கத்தியபோது, நீதானே கேட்டாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை என்பது, இன்று அண்ணி முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

"கிளம்பற நேரமாச்சு, வாங்க" என்று யாரோ உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

கூடத்தில் அண்ணன் வெள்ளைச் சட்டையில் கிடந்தார். பெட்டியை மூடுமுன் கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார்கள். அவள் தலைமாட்டில் போய் நின்றாள். நான்தான் கேட்டேன் என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அன்று ஆட்கள் இருந்தபோது வந்த குரல் இன்று வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் தூறிக்கொண்டே வந்தது.

அந்த வாரக் கடைசியில் நன்றாக வெயில் அடித்தது. அவளே நெட்டையைக் கூப்பிட்டிருந்தாள். ரொட்டிக்கடைக்குப் போதுமான ஓட்டை முதலில் இறக்கிவிட்டு வரச் சொன்னாள். மிச்சத்தில் இவள் வீட்டுக்குப் பாதிக் கூரைதான் தேறும். மீதிக்குத் தார்ப்பாயே இருக்கட்டும் என்றாள். கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, லாரியிலிருந்து ஓடு இறக்கப் போனார்.

நெட்டை மேலே ஏறிப் பழைய ஓடுகளைக் கழற்றினார். வளைந்த சட்டங்களுக்குப் பதிலாக நேரானதை வைத்து அடித்தார். அவள் ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே முதல் வரிசை ஏறியது. அவர் வேலை மும்முரத்தில் சட்டத்தின்மேல் கண்ணை வைத்தபடியே ஒரு கையைப் பின்னால் நீட்டினார்.

"அண்ணே, அடுத்தது குடுங்க."

சொன்ன பிறகு அவர் முதுகு அப்படியே நின்றது. நீட்டிய கையும் நின்றது. அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் ஒரு ஓட்டை எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மார்போடு அணைத்துக்கொண்டு ஏணியில் ஏறி, அந்தக் கையில் வைத்தாள். நெட்டை திரும்பிப் பார்க்காமலே வாங்கி, அதன் இடத்தில் பொருத்திவிட்டு, மறுபடியும் கையைப் பின்னால் நீட்டினார்.