வாய் மட்டும் இருந்த ரேடியோ

எல்டன் உன்ரூவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊருக்கு வெளியே இருந்த தன் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வெல்மா ஓர்ட்டிஸ் அவருக்கென்று ஒரு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தாள். உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போய் மேற்கே பார்த்தார், திரும்பி வந்தார். வெளியே அவருடைய லாரி நிறையக் கோதுமை. கன்சாஸின் அறுவடைக் காலத்து வானத்தை ஒரு நிமிடம்கூட நம்ப முடியாது. இப்போதே மேற்கு கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் எங்கேயாவது எடை போட்டுக் கொட்டியாக வேண்டும்.

ஏற்கெனவே ஒரு லோடு நனைந்து வீணாய்ப் போயிருந்தது. மேகம் திரளுது, தார்ப்பாயை இழுத்து மூடுங்க என்று மற்ற லாரிக்காரர்கள் எல்லோரும், லாரிக்கு லாரி பேசிக்கொள்கிற ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினார்களாம். அவர் காதில் ஒரு சொல்லும் விழவில்லை. அதனால்தான் ரேடியோவைக் கழற்றிக்கொண்டு இங்கே வந்திருந்தார்.

அது பழைய சாமான் ஏலத்தில் வாங்கியது. சட்டம் விடுகிற நாற்பது சானலுக்கு மேலேயும் திருட்டுத்தனமாகச் சில சானல்கள் உண்டு, மைக்கை எடுத்தால் அடுத்த மாவட்டம் வரை குரல் போகும் என்று ஏலம் விட்டவன் சொன்னதும் எல்டன் அதில் மயங்கிவிட்டார். பேச்சில் தான் சொன்னதே கடைசிச் சொல்லாக இருக்கவேண்டும் என்று நினைக்கிற மனிதர். வேறென்ன வேண்டும் அவருக்கு?

வெல்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “எந்த மகராசனோ உள்ள புகுந்து விளையாடியிருக்கான்” என்றாள். கூடுதல் சானலுக்காக வெட்டிவிட்டிருந்த ஒரு கால்விரல் நக அளவு பாகத்தை முதலில் சேர்த்துப் பற்றவைத்தாள். எதிரொலி வருவதற்காக ஓரத்தில் பசை போட்டு ஒட்டியிருந்த பச்சை மின்பலகையைப் பிய்த்து எடுத்தாள். தேவாலயத்தில் பேசுவது மாதிரி நன்றாகத்தானே இருந்தது, அதை விட்டுவிடேன் என்று எல்டன் முனகினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி வாசலுக்குப் போனார்.

“இங்க ஒரு பார்ட்டைக் காணோம்” என்று வெல்மா பின்னாலிருந்து சொன்னாள். குரல் அளவு மீறாமல் பிடித்து வைப்பதற்கென்றே உள்ள பாகம் அது. சத்தம் கூடட்டும் என்று அதை யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் குரல் கரை உடைந்து பக்கத்துச் சானல்களிலும் வழியும் என்றாள்.

எல்டன் நின்றார். “பக்கத்துச் சானல்னா?”

“நீங்க எதுல பேசுவீங்க?”

நாற்பதுக்கு மேலே, அந்தத் திருட்டுச் சானலில், சிநேகிதன் கேலனோடு மட்டும் என்றார். கேலன் முன்னாலும் இவர் பின்னாலுமாக லாரி ஓட்டும்போது மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவதற்கு அதுதான் இடம். யாருக்கும் கேட்காது என்ற தைரியம்.

“அப்ப நாப்பதுல இருந்தவங்களுக்கெல்லாம் ஓசியில கேட்டிருக்கும்.”

“நாப்பதா?” என்றார் எல்டன். நாற்பது, ஊர்த் தானியக் கிடங்கின் சானல். அங்கே எடைமேடை அறையில் உட்கார்ந்து லாரிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறவள் அவருடைய ஒரே மகள் மார்லா.

போன பனிக்காலத்தில்தான், அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டு அந்த வேலைக்குப் போனவள். அதிலிருந்து அப்பாவும் மகளும் பேசுவதில்லை. அறுவடை தொடங்கிய அன்று எல்டன்தான் வீராப்பை விழுங்கிக்கொண்டு, வரிசை எவ்வளவு நீளம் என்று அவளை ரேடியோவில் கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உடனே திருட்டுச் சானலுக்குத் தாவி, எனக்கு மகளே கிடையாது என்று கேலனிடம் கத்தினார். அதற்குப் பிறகு அடுத்த ஊர்க் கிடங்குக்குத்தான் கோதுமையைக் கொண்டுபோனார். தன் ஊரில் அவரைக் கண்டதும் சனங்கள் பேச்சை நிறுத்திய காரணம் இப்போதுதான் புரிந்தது. பாவி மனிதர், மழையில் நனைந்த லோடைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தார்!

“நீயும் கேட்டியா?” என்றார்.

“கடையில ரேடியோ நாள் பூரா ஓடுது. கேக்காம எங்க போறது?” என்றாள் வெல்மா.

எல்டன் மேசைக்கு வந்து அந்த ரேடியோவின் மேல் கை வைத்தார். இதை இப்போது சரிசெய்யாதே, இப்படியே கொடு, தப்பாகச் சொன்னதை மாவட்டமே கேட்டதல்லவா, தப்பு என்று சொல்வதையும் மாவட்டமே கேட்கட்டும், அப்புறம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள் என்று கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி வெல்மா பார்த்ததில்லை. அவள் அவருடைய கையை மெல்ல எடுத்து அப்பால் வைத்தாள்.

“லாரிக்காரங்க இந்த மாதிரி ரேடியோவை முதலைம்பாங்க. வாய்தான் பெரிசு, காது கிடையாது. பவரைக் கூட்டிக் கூட்டி, கேக்குற பக்கத்தையே கருக்கி வச்சிருக்காங்க. முன்னால போற கேலனைத் தவிர உங்களுக்கு யாரு பேசினாலும் கேட்டிருக்காது.”

எல்டன் அப்படியே அவளைப் பார்த்தார். “அப்ப... மார்லா பதில் சொன்னாளா?”

“அதை என் வாயால கேக்காதீங்க. இப்படியே எடுத்துட்டுப் போனா ஊருக்கு நீங்க பேசலாம். அவ சொல்றது உங்களுக்குக் கேக்கணும்னா நான் இதைக் கழட்டணும். எது வேணும், சொல்லுங்க.”

வெளியே இடி உருண்டது. எல்டன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். “கழட்டு” என்றார்.

கருகிய பாகத்தை மாற்றி, யாரோ கண்டபடி திருகி வைத்த திருகுகளை மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள் வெல்மா. முடிகிற வரை அவர் எழுந்திருக்கவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பவர் குறைந்துவிட்டது, இனி ஊர் எல்லையைத் தொட்டால்தான் உங்கள் குரல் கிடங்குக்குப் போய்ச் சேரும் என்று சொல்லி ரேடியோவைக் கையில் கொடுத்தாள்.

ஊர் எல்லையில் லாரியை ஓரங்கட்டினார். நாற்பதாம் சானலில் பேச்சு கசகசவென்று ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை பேரா இவ்வளவு நாளும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று இருந்தது அவருக்கு. கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது. மைக்கை எடுத்தார்.

“மார்லா, அப்பா பேசறேன். எனக்கு மகளே இல்லேன்னு சொன்னேன்ல, அது பொய். கோபத்துல சொன்ன பொய்.”

சானலே அடங்கிப் போயிற்று. கிடங்கு வரிசையில் நின்ற அத்தனை லாரியும் கேட்டிருக்க வேண்டும். எல்டன் சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். இதுவும் பாழாய்ப் போயிற்றோ என்று பதறிய நேரத்தில் மகளின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாக வந்தது.

“அதை அன்னிக்கே கேட்டேன்ப்பா. நான் சொன்ன பதிலை நீங்க கேட்டீங்களா?”

“கேக்கலம்மா. இந்த ரேடியோவுக்குக் காது இல்லாம இருந்துது. இப்பத்தான் வந்துது. என்ன சொன்னே?”

“எனக்கு அப்பா இருக்காரு, என்ன கோபம்னாலும் இருக்காருன்னு சொன்னேன். ஊரே கேட்டுது. நீங்க ஒருத்தர்தான் கேக்கல.”