நீர்மேல் தவளை

ஏப்ரல் முதல் கிழமையில் நீர்மேல் மிதக்கும் தூண்டிலை எறிவது விசர் வேலை என்று சாருகாவுக்குத் தெரியும். அவள் குடியிருக்கும் பியோர்ண்டாலுக்குக் கீழே இருக்கும் அந்த ஏரியின் நிழல் பக்கத்தில் இன்னும் பனிக்கட்டி கிடந்தது. வெயில் படும் நாணல் குடாவில் மட்டும் கொஞ்சத் தண்ணீர் திறந்திருந்தது. இந்தக் குளிருக்கு மீன்கள் அடியில்தான் கிடக்கும். தூண்டிலையும் அடியில்தான் விட வேண்டும். ஆனால் அடியில் விட்டால் காத்திருக்க வேண்டும். அதுதான் அவளால் முடியவில்லை.

தூண்டில் கனடாவிலிருந்து மச்சான் சுரேன் அனுப்பியது. தவளை போல வர்ணம் பூசிய, வாய் குழிந்த மிதவை. அங்கே அதைப் பாஸ் மீனுக்குப் போடுவார்களாம். "உங்கை பாஸ் இல்லையெண்டால் என்ன, வாய் பெரிசா இருக்கிற எதுவும் கடிக்கும். ஆனா இழுத்திட்டு நிப்பாட்ட வேணும். தண்ணி அடங்கும்வரைக்கும் பொறு" என்று சொல்லியிருந்தான். இங்கே அந்தப் பெரிய வாய் யெட்ட என்ற பல்லுக்கார மீனுக்கு இருந்தது. சாருகா நிறுத்தவேயில்லை. தவளை பொளக் பொளக்கென்று கரைக்கு ஓடி வந்தது. உடனே மறுபடி எறிந்தாள்.

அவள் பஸ் ஓட்டுகிறவள். பன்னிரண்டு நாளைக்கு முன் ஒரு சைக்கிள்காரப் பெடியன் திடீரென்று குறுக்கே வந்தான். பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பெடியன் தப்பினான். பஸ்ஸுக்குள் எழுந்து நின்ற ஒரு பெண் விழுந்து, வலக்கை மணிக்கட்டு முறிந்தது. விழுந்தவர் சிவநாயகி அன்ரி, அடுத்த தெருக்காரி. அம்புலன்சில் ஏற்றும்போது அன்ரி சாருகாவை ஒருமுறை பார்த்தார். மருத்துவர் சாருகாவுக்கு இரண்டு கிழமை சீக்மெல்டிங், அதாவது சுகவீன லீவு, எழுதிக் கொடுத்து, வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். வீட்டில் இருந்தால் அந்தப் பார்வைதான் முன்னால் வந்து நின்றது.

"என்ன பிள்ளை, இந்தக் குளிருக்குள்ளை மீனோ?"

திரும்பினாள். அருட்செல்வம் அங்கிள். சிவநாயகியின் கணவர். நடைக்கு வந்திருந்தார், மூக்கு சிவந்திருந்தது.

"ஓம் அங்கிள். சும்மா." மறுபடி எறிந்தாள். "அன்ரிக்கு எப்பிடி?"

"கையிலை மாக்கட்டு போட்டிருக்கு. சீப்பாலை தலை இழுக்கவும் ஏலாது. பிரேக் பிடிக்கத் தெரியாத ஆரோ ஒருத்தன். அவனை மட்டும் கண்டன் எண்டால்…"

சாருகாவின் கை நின்றது. அவருக்குத் தெரியாது! அன்ரி சொல்லவில்லை. தவளை நாணலோரம் அசையாமல் மிதந்தது.

"அங்கிள், அது ஒருத்தன் இல்லை. நான்தான் ஓட்டினனான்."

அவர் வாய் திறந்தது. அதே நேரத்தில் தண்ணீர் வெடித்தது. தவளை இருந்த இடத்தில் ஒரு குழி விழுந்தது. கையிலிருந்த தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. சாருகா ஓரடி முன்னே போக, ஈரக் கல்லில் சப்பாத்து வழுக்கியது.

"விழப்போறாய்!" அங்கிள் அவளுடைய ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "பன்ரண்டு நாள். பக்கத்துத் தெரு. ஒருக்கா வந்தனியோ நீ?"

"பயமா இருந்தது."

"என்ன பயம்? நூலை விடு, அறுக்கப்போகுது!"

திட்டிக்கொண்டே அவர் பிடியை விடவில்லை. கடைசியில் முழங்கை நீளத்துக்கு மேல் ஒரு யெட்ட, வயிறு முட்ட முட்டையோடு, கரையோரம் வந்து கிடந்தது. சாருகா குறட்டால் கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள்.

அங்கிள் அப்போதுதான் அவளுடைய ஜாக்கெட்டை விட்டார். பிறகு, "எனக்குச் சொல்லி என்ன? வீட்டை வந்து அவவுக்குச் சொல்லு" என்று முன்னே நடந்தார்.

ஏற்றம் முழுக்க அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு தடவை தன் வீட்டுக்கே ஓடிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது.

கதவைத் திறந்தவர் அன்ரிதான். மாக்கட்டு நெஞ்சோடு தூக்கிக் கட்டியிருந்தது.

"அன்ரி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அந்தச் சைக்கிள்காரப் பெடியனுக்கு ஒண்டுமில்லைத்தானே?"

"இல்லை அன்ரி. ஒரு கீறலும் இல்லை."

"பிறகென்ன?" அன்ரி கணவரைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "இவருக்கு உன்ரை பேர் சொல்லேல்லை. சொன்னால் உன்ரை வீட்டு வாசல்லை வந்து நிண்டு கத்துவார். நீயா வருவாய் எண்டு பாத்தன். கனநாள் எடுத்திட்டாய்."

அந்தக் கடைசி வார்த்தையில் சூடு இருந்தது. சாருகா அதை ஏற்றுக்கொண்டு நின்றாள்.

"மீன் பிடிச்சனியோ? மணக்குது."

"விட்டிட்டன்."

"விசரி. சரி, உள்ளை வா. கையைக் கழுவிப்போட்டு எனக்குத் தலையை இழுத்து விடு. இவர் இழுத்தால் பாதி மயிர் சீப்பிலை."

சாருகா கை கழுவினாள். அன்ரியின் பின்னால் நின்று நரை கலந்த முடியைச் சிக்கெடுக்கத் தொடங்கினாள். சீப்பு வேகமாக ஓடியது.

"மெதுவா," என்றார் அன்ரி. "எங்கை ஓடப்போறாய்?"

"திங்கக்கிழமை வேலைக்குப் போக வேணும் அன்ரி. ஏலுமோ தெரியேல்லை."

"உன்ரை பஸ்ஸிலைதான் நானும் செக்கப்புக்குப் போகவேணும். இந்த முறை எழும்பி நிக்காமல் சீற்றிலை இருந்துதான் வருவன்."

சாருகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முடியை மூன்றாகப் பிரித்து, பின்னத் தொடங்கினாள்.