ஒரு வீட்டுக்கு ஒரு சிவப்பு

எங்கள் குடியிருப்பின் ஓட்டெடுப்புச் செயலியை எழுதியவன் நான்தான். யார் வேண்டுமானாலும் யோசனை போடலாம், பிடித்தவர்கள் ஓட்டுப் போடலாம், அதிக ஓட்டு வாங்கிய வேலையை அந்த வருடம் சங்கம் செய்து கொடுக்கும். இதைவிட நியாயம் உண்டா என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அதெல்லாம் அண்ணி என் போனை வாங்கிப் பார்க்கும்வரைதான்.

அண்ணி ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ்.

"முதல்ல இருக்கறது என்ன?"

"பூப்பந்து மைதானத்துக்கு விளக்கு. மைக் மாமாவோட யோசனை."

மாமா மூன்றாவது மாடிக்காரர். அவர் பேச்சுக்கு மைக்கே தேவையில்லை என்பதால் வந்த பெயர். வீடு வீடாகப் போய் ஓட்டுச் சேர்த்திருந்தார்.

"கடைசியில?"

"தண்ணி மோட்டாரை இடம் மாத்தணுமாம். கீழ்வீட்டு பஸ் டிரைவர் போட்டது. ஓட்டுப் போட்டது அவரும் அவர் வீட்டம்மாவும்தான்."

டிரைவரின் படுக்கையறைச் சுவருக்கு மறுபக்கம்தான் அந்த மோட்டார். இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு அவர் காலையில் வந்து படுக்கும் நேரத்தில்தான் மொத்தக் கட்டிடமும் குளிக்கும்.

"கூட வந்த சொந்தக்காரங்க தலையை எண்ணியா நாங்க வைத்தியம் பாக்கறோம்?" என்றார் அண்ணி. "கும்பலோட வந்தவனுக்கு சுளுக்கா இருக்கும். தனியா வந்தவனுக்கு நெஞ்சுவலியா இருக்கும்."

அன்றே மூன்று நிறங்கள் சேர்த்தேன். உடனே வேண்டும் என்றால் சிவப்பு, இருந்தால் நல்லது என்றால் மஞ்சள், மெதுவாகப் பார்க்கலாம் என்றால் பச்சை. மறுநாள் திறந்து பார்த்தால் திரை முழுக்க ரத்தக்களறி. மைதான விளக்கு சிவப்பு, பூந்தொட்டி சிவப்பு, கேட்டுக்கு பெயிண்ட் அடிப்பதும் சிவப்பு. மோட்டார் பழையபடி கடைசியில்.

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வாசல்லயும் எல்லாரும் எனக்குத்தான் அவசரம்பாங்க, கொழுந்தனாரே. எவ்வளவு அவசரம்னு நாங்க கேக்கவே மாட்டோம். என்ன ஆச்சுன்னுதான் கேப்போம். அதோட, எங்ககிட்ட கட்டில் கொஞ்சம்தான் இருக்கு. உங்க சிவப்புக்கு அளவே இல்லையே."

ஒரே மூச்சில் என் மூன்று மாத வேலையைத் திருத்திவிட்டு, அவர் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். செயலியை மறுபடி மாற்றினேன். இனி வீட்டுக்கு ஒரே சிவப்பு. அதை அழுத்துமுன், 'இந்த வருடம் இது நடக்காவிட்டால் என்ன ஆகும்?' என்பதற்குப் பதில் எழுத வேண்டும். பதில் எல்லோர் கண்ணிலும் படும்.

மறுநாள் மைக் மாமா எங்கள் வீட்டுக்கே சண்டைக்கு வந்துவிட்டார். "ஓட்டுல ஜெயிச்சவனைப் போய்ப் பரீட்சை எழுதச் சொல்றியே, உங்க அண்ணி வேலையா?"

"என் வேலையேதான் மாமா. ஒரு வரிதானே, உக்காந்து எழுதுங்க." என்றபடி அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மாமா போனை எடுத்தார். 'இருட்டில் ஆட முடியாது' என்று எழுதினார். படித்துப் பார்த்து அழித்தார். 'சாயங்காலமே ஆடி முடிக்க வேண்டியிருக்கும்.' அதையும் அழித்தார்.

"மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க?" என்று திரையைத் தள்ளிக்கொண்டே போனவரின் விரல் கடைசியில் நின்றது. டிரைவர் எழுதியிருந்தார்:

'பகல் தூக்கம் போச்சு. நேத்து பாலத்து மேல ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே கண்ணு சொருகிடுச்சு. பஸ் நிறைய ஆளுங்க. இப்படியே போனா இந்த வேலையை விட்டுடணும்.'

மாமா அதை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இதை ஏம்ப்பா அவர் முன்னாடியே சொல்லல?"

"நாம பிடிச்சிருக்கான்னுதானே கேட்டோம், மாமா," என்றேன்.

மாமா தன் சிவப்பை மோட்டாருக்குப் போட்டார். அதோடு நிற்கவில்லை. விளக்குக்கு ஓட்டுக் கேட்ட அதே வீடுகளுக்கு மறுபடி போய் மோட்டாருக்குக் கேட்டார். மோட்டார் பின்பக்க மதில் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் காலை, சத்தம் கேட்கிறதா என்று பார்க்க மாமா எங்களையும் இழுத்துக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த டிரைவரின் மனைவி உதட்டில் விரல் வைத்தார். உள்ளேயிருந்து குறட்டை வந்தது.

மாமா எங்கள் பக்கம் குனிந்து, "விளக்குக்குப் பச்சை போட்டுட்டேன். மெதுவா வரட்டும்," என்று கிசுகிசுத்தார்.

"இப்படி ஒரு குரலும் உங்ககிட்ட இருக்கா மாமா?" என்றார் அண்ணி, அதைவிட மெதுவாக.