அப்பம் கிடைக்காதவர்கள்

நான் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசிய நேரத்தில் என் வீட்டுக்காரர் தம் இரட்சிப்பை இழந்துவிட்டார். சபையில் அப்படித்தான் பேச்சு. நானும் அதைப் பாதி நம்பினேன் என்பதுதான் கொடுமை.

நடந்தது இவ்வளவுதான். மராத்தி பேசுகிற கட்கியில், எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்து நானும் அவரும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கணபதி விழா நடந்துகொண்டிருந்தது. பஜார் முனையில் பெரிய பந்தல், டோல் மேளச் சத்தத்தில் காது கிழிந்தது. காய்கறிக்காரியிடம் மீதிச் சில்லறை வாங்குவதற்காக அவர் கையை விட்டேன். திரும்பினால் ஆளைக் காணோம். அவருக்கு ஞாபகம் கழன்று சில வருஷமாகிறது. வீட்டுக்குள்ளேயே பாத்ரூமுக்கு வழி கேட்கிற மனுஷர். பதறிப்போய்த் தேடினால் பந்தலுக்குள் பிள்ளையார் முன்னால் நிற்கிறார். கை கூப்பியிருக்கிறது, கண் மூடியிருக்கிறது, நெற்றியில் யாரோ இட்ட குங்குமம். சின்ன வயசில் படித்த முருகன் பாட்டு ஒன்றை ஒரு வரி பிசகாமல் பாடிக்கொண்டிருக்கிறார். அண்ணன் சன்னதியில் நின்று தம்பியைப் பாடுகிறார் என்பது பந்தல்காரர்களுக்குப் புரியவில்லை. தமிழ் தெரிந்தவர்களுக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் அந்த வழியாகப் போன தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் எங்கள் சபையார்.

வீட்டுக்கு வந்து ஈரத்துண்டால் நெற்றியைத் துடைத்தேன். குங்குமம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“விடுங்கம்மா, எரியுது,” என்றார்.

தோல் சிவந்திருந்தது. துண்டைக் கீழே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன்.

அவர் யார் என்று சொன்னால்தான் என் பயம் புரியும். குடியாத்தத்துப் பக்கத்தில் காவடி எடுக்கிற குடும்பத்தில் விஸ்வேஸ்வரனாகப் பிறந்தவர். வெடிமருந்து ஃபாக்டரி வேலைக்கு இங்கே வந்து, முளா ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் எடுத்து டேனியல் ஆனார். பெற்றவர்கள் அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். அதன் பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டார். பரம்பரைக் கிறிஸ்தவளான எனக்கு இல்லாத வைராக்கியம் அவருக்கு. சபையில் மூப்பராகி, பாஸ்டரே பயப்படுகிற மூப்பராகவும் ஆனார். “இரட்சிப்புங்கறது உள்ளங்கைல ஏந்துன தண்ணி. விரலு கொஞ்சம் தளர்ந்தாப் போச்சு,” என்று கையைக் குழித்துக் காட்டிப் பிரசங்கம் செய்வார். அதைக் கேட்டு விரலை இறுக்கிக்கொண்டே வாழ்ந்தவள் நான். இப்போது அவருக்கு விரலெல்லாம் தளர்ந்துவிட்டது. சட்டைப் பித்தானைக்கூட நான்தான் போட்டுவிடுகிறேன்.

சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தருடைய பந்தி. அப்பத்தைத் துண்டுதுண்டாகப் பிட்டுத் தட்டில் வைத்து வரிசைவரிசையாகக் கொண்டுவருவார்கள். எடுத்ததும் வாயில் போட்டுவிடக் கூடாது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எல்லா வரிசையும் முடிந்ததும் மூப்பர் எழுந்து, “அப்பம் கிடைக்காதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க,” என்பார். பிள்ளையை வெளியே தூக்கிப்போன தாயோ, தாமதமாக வந்து கடைசியில் உட்கார்ந்தவரோ கை தூக்குவார்கள். அவர்களுக்கும் கொடுத்த பிறகுதான் எல்லாரும் ஒன்றாகப் புசிப்பது. விலக்கி வைக்கப்பட்டவர்களுக்கான கேள்வி அல்ல அது. அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். பல வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் என் வீட்டுக்காரர்தான்.

யாரை விலக்குவது என்ற ஒழுங்கைப் போட்டவரும் அவர்தான். விக்கிரகத்தைக் கும்பிட்டவர்கள் சபை முன்னால் அறிக்கை செய்து மன்னிப்புக் கேட்கும்வரை பந்தியில் பங்கில்லை. அகல்யாவுக்கு அது நடந்தது. அவள் இந்துக் குடும்பத்திலிருந்து தனியாக வந்து எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவள். அவள் அம்மா செத்தபோது ஊருக்குப் போய் விளக்கேற்றி விழுந்து கும்பிட்டிருக்கிறாள். பெற்ற தாய்க்குச் செய்தது தப்பு என்று எப்படிச் சொல்வேன் என்று அழுதாள். இவர் அசையவில்லை. மாதாமாதம் தட்டு அவளைத் தாண்டிப் போனது. ஒரு நாள் அவளே எழுந்து, தப்பு என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

கணபதி பந்தலில் அவர் நின்றதற்கு அடுத்த ஞாயிறு பந்தி ஞாயிறு.

திங்கட்கிழமை மகள் ப்ரீதி போன் செய்தாள். ஊரின் மறுகோடியில் மகர்பட்டாவில் ஐ.டி. வேலை, அங்கேயே ஓர் இங்கிலீஷ் சர்ச்.

“மம்மி, டென்ஷன் ஆகாதீங்க. எங்க சர்ச்ல கிளியரா சொல்றாங்க. ஒரு தடவ சேவ் ஆயிட்டா அவ்ளோதான். அது போகவே போகாது.”

“உங்கப்பா போகும்னுதானடி இத்தன வருஷம் சொன்னாரு?”

“அப்பா தப்பா சொல்லிருக்கலாம்ல?”

போனை வைத்துவிட்டேன். மகர்பட்டாவில் இரட்சிப்புக்கு ஆயுள் காரண்டி, கட்கியில் கிடையாது. நடுவில் கொஞ்சம் டிராஃபிக், அவ்வளவுதான். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இவர் சொன்னது சரியென்றால் இவர் போய்விட்டார். தப்பென்றால் அகல்யாவை அழவைத்தது வீண். இரண்டில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஜெபிப்பது?

அந்த வாரம் முழுக்க நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு வைத்தால் ஸ்தோத்திரம் சொல்கிறாரா? சொல்லவில்லை. பாமாலைப் பாட்டை அவர் காதருகில் பாடிப் பார்த்தேன். நல்ல குரல் என்று பாராட்டினார். “டேனியல்” என்றால் திரும்பமாட்டார், “விசு” என்றால் திரும்புகிறார். கர்த்தருடைய அந்த ஒரு பெயரை மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். “என்ன பேருங்க?” என்று கேட்டார். பயமாக இருந்தது. அவர் இல்லாத பரலோகத்தில் நான் யாருக்குச் சாயா போடுவது, யாரோடு சண்டை பிடிப்பது? இந்த மாதிரிக் கேட்பதே பாவமோ என்று அதற்கும் பயந்தேன்.

வியாழக்கிழமை சாயந்தரம் பாஸ்டர் தினேஷ் வந்தார். சின்ன வயசு. ஞானஸ்நானம் எடுத்தபோது என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துத் தண்ணீரில் இறக்கிவிட்ட பிள்ளை. இப்போது எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, நல்லா இருக்கீங்களா? தினேஷ் வந்திருக்கேன்.”

“போஸ்ட் ஆபீஸா?” என்றார் இவர்.

“இல்லீங்க ஐயா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க இரட்சகர் யாரு?”

இவர் அந்தக் கேள்வியை மரியாதையாக யோசித்தார். “முருகன்தான். வேற யாரு?” என்றார்.

பாஸ்டர் தரையைப் பார்த்தார்.

“சபை முன்னால ஒரு வார்த்தை அறிக்கை பண்ணிட்டா முடிச்சிரலாம்னு நெனச்சேன்மா. ஐயா போட்ட ஒழுங்குதானே.”

“எத அறிக்கை பண்ணுவாரு பாஸ்டர்? காலைல இட்லி தின்னதையே இல்லங்கறாரு.”

“புரியுதும்மா. ஆனா...”

“ஆனா என்ன? இன்னொரு கேள்வியும் கேளுங்க. நான் யாருன்னு கேளுங்க.”

“அம்மா, வேணாம்.”

“கேளுங்க!”

என் சத்தத்துக்குப் பயந்தே கேட்டார். “ஐயா, இவங்க யாரு?”

இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்ல அம்மா. சமைக்க வர்றாங்க.” பிறகு பாஸ்டர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “ராத்திரியும் இங்கேயே தங்கிடறாங்க. அவங்க வீட்ல தேட மாட்டாங்களா? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.”

“கேட்டீங்களா? அப்ப எங்க கல்யாணம் செல்லாதுன்னு எழுதிக் குடுங்க. இவரு மறந்துட்டாருன்னா நானும் மறந்துட்டேனா? எனக்கிருக்கற ஞாபகம் அவருக்கு இருக்காதா?” என்று மேலே கையைக் காட்டினேன்.

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து போகும்போது கேட்டார். “அகல்யா அக்காவுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது? அவங்க பெத்த அம்மாவுக்குச் செஞ்சதுக்கே நாம விடலியே.”

நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. கதவைச் சாத்தியபோது சத்தம் பலமாகவே வந்தது.

பேசும்போது இருந்த தைரியம் பாஸ்டர் போனதும் போய்விட்டது. நான் முன்கோபக்காரி, அலுத்துக்கொள்கிறவள். நானே இவரை விட்டுவிடவில்லை, கர்த்தர் விடுவாரா என்று ஒரு நிமிஷம் தெம்பாக இருந்தது. அடுத்த நிமிஷமே, அவரை உன்னோடு ஒப்பிட உனக்கு என்ன அதிகாரம் என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரல் என் வீட்டுக்காரருடைய பழைய பிரசங்கக் குரல் மாதிரியே இருந்தது.

ஞாயிறு காலை அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று கதவு வரை யோசித்தேன். பிறகு மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போனேன். எப்போதும் பிடிப்பது நான்தான். அவர் கை என் பிடிக்குள் சும்மா கிடக்கும்.

எங்களுக்கு நேர் பின்னால் அகல்யா உட்கார்ந்திருந்தாள். முதுகு குறுகுறுத்தது. பாட்டு, ஜெபம், பிரசங்கம் எதுவும் என் காதில் ஏறவில்லை. தட்டு வந்தது. கொண்டுவந்த மூப்பர் இவரைப் பார்க்காமல், இவருக்கு முன்னால் தட்டைத் தூக்கி என்னிடம் நீட்டினார். இவர் கை பாதி நீண்டு அப்படியே நின்றது. பந்தியில் உட்கார்ந்தவருக்கு இலை போடாமல் போகிற மாதிரி இருந்தது. நான் தலையை ஆட்டினேன். இவருக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம். மூப்பர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார். நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்புறம்தான் உறைத்தது. பிறந்ததிலிருந்து சபைக்கு வருகிறேன், ஒரு தடவையும் தட்டைத் தள்ளியதில்லை.

எல்லா வரிசையும் முடிந்தது. இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைப் பாஸ்டரே கேட்கிறார்.

“அப்பம் கிடைக்காதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க.”

என் பக்கத்தில் ஒரு கை மேலே போனது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நேராகத் தூக்கியிருந்தார். நான் பதறி அவர் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். கை இறங்கவில்லை. சட்டைப் பித்தான் போட வலுவில்லாத மனுஷருக்கு அந்த வலு எங்கிருந்து வந்ததோ.

“எனக்குக் கிடைக்கலீங்க,” என்றார் சத்தமாக.

பாஸ்டர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அவர் பார்வை எங்களைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனது. பின்னால் நாற்காலி நகர்ந்தது. அகல்யா எழுந்துவிட்டாள் என்று தெரிந்தது. இன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறாள், கேட்கட்டும், கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“குடுங்க பாஸ்டர்,” என்றாள் அகல்யா. “அன்னைக்கு எனக்கும் கையத் தூக்கணும்னுதான் இருந்துச்சு. தைரியம் வரல.”

பாஸ்டர் மைக்கை வைத்தார். தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். என் வீட்டுக்காரர் கையை இறக்கி, ஒரு துண்டு எடுத்தார். வாயில் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, காத்திருக்கிறவர்களோடு காத்திருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு இரட்சிப்பு திரும்பிவிட்டதா, எனக்குத் தெரியாது. ப்ரீதி சர்ச்சில் சொல்வது சரியா, இவர் இத்தனை வருஷம் சொன்னது சரியா, அதுவும் தெரியாது. பாஸ்டருக்கும் தெரியாது என்பது அவர் முகத்தில் இருந்தது. அவர் திரும்பிப் போக அடியெடுத்து வைத்தார்.

“தம்பி, இருங்க,” என்றார் என் வீட்டுக்காரர். எட்டி அந்தத் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “இந்தம்மா கையும் காலியா இருக்கு.”

பாஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்குக் கை எழவில்லை. யாரென்றே தெரியாத ஒரு சமையல்கார அம்மாவுக்காக அவர் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கும்வரை விடவில்லை.