தட்டில் வந்த விருந்தாளி

அந்த ஆய்வுக்கூடத்தில் பூஞ்சைக்கு 'விருந்தாளி' என்று பெயர். கிருமி வளர்க்கும் தட்டில் காற்றோடு வந்து விழுந்து பஞ்சுபோல முளைத்துவிடும். யாரும் அழைப்பதில்லை, அது கூச்சப்படுவதும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் அக்கா அதைக் கண்டால் தட்டோடு குப்பையில் போடுவாள். வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தம்பிக்குத் தலைவலி விடாமல் வந்தபோது, முதுகுத்தண்டு நீரை எடுத்து அவளிடமே அனுப்பினார்கள். அதை விட்டு வளர்த்த தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவள்தான். ஆனால் அது தம்பியின் தட்டு. அவன் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி தாராளமாக இருப்பதாக முந்தின நாள்தான் தெரிந்திருந்தது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு, அதற்குள் பூஞ்சையாவது வருவதாவது! விருந்தாளி என்று சொல்லித் தூக்கிப் போட்டாள். பாசம் கண்ணை மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தலைவலி முற்றி மறுபடி எடுத்த நீரிலும் அதே பஞ்சு முளைத்தது. காற்று ஒரே ஆளைத் தேடி இரண்டு முறை வராது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பூஞ்சை வந்தால் சேதி சொல்லக் காவல் செல்லுக்குள் ஒரு புரதம் உண்டு. தம்பிக்கு அது பிறவியிலேயே இல்லை. சேதி போகாததால் பூஞ்சையை விழுங்கும் செல்களும் வரவில்லை, அதற்கென்று உருவாக வேண்டிய ஆன்டிபாடியும் உருவாகவில்லை. இருந்ததெல்லாம் மற்ற கிருமிகளுக்கானவை. அவள் நம்பிய தாராளம் அவ்வளவுதான். முன்பே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். மருந்து ஏற்றினார்கள், தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

ஒரு சாயங்காலம் தம்பிக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது.

"விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்வாங்க. எனக்கு ரெண்டும் கிளம்பவே மாட்டேங்குதேக்கா," என்றான்.

பழக்கத்தில் சிரித்துவிட்டாள். பிறகு அவன் பக்கம் குனிந்தாள். முதல் தட்டைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

"முதல் தடவையே அது என் தட்டுல வந்துச்சுடா. காத்துல வந்ததுன்னு நினைச்சு..."

"குப்பையில போட்டுட்டியா?" அவள் வழக்கமாகச் சொல்லும் கதை என்று நினைத்து அவன் சிரித்தான். "நல்ல வேலை செஞ்சேக்கா."

கண்ணை மூடிக்கொண்டான். "இல்லடா, அது உன் தட்டு," என்று அவள் சொன்னபோது தூங்கியிருந்தான். அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை.